உயரத்துக்கு மட்டும் என்று நினைத்தோம்

மார்ச் 4

அன்புள்ள குள்ளிக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். பயப்படாதே, பிழைத்துவிட்டேன். போன வாரம் ஒரு பெண்ணுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போது நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. அன்றுதான் அவள் முதல்முறையாக வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினாள்! மாரடைப்பாம். முப்பத்தேழு வயதில். புகை இல்லை, குடி இல்லை.

சின்ன வயதில் தலைக்குள் கட்டி எடுத்ததையும், வளர்ச்சி நின்றுபோனதால் அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதையும் சொன்னதும் ஹார்மோன் டாக்டரை வரவழைத்தார்கள்.

"வளர்ச்சி ஊசியை எப்ப நிறுத்துனீங்க?"

"வளந்து முடிச்சதும்தான் சார்."

"அது உயரத்துக்கு மட்டும்னு யார் சொன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஹார்மோன் இல்லாமலே இருந்தால் வயிற்றில் கொழுப்பு சேருமாம், தசை குறையுமாம், ரத்தக்குழாய் கெட்டுப்போகுமாம். அது ஒன்றே காரணம் என்று சொல்லமுடியாதாம், பங்கு இருக்கலாமாம். இதயம் தேறியபிறகுதான் ஊசி பற்றி யோசிப்பார்களாம்.

அந்த வயதில் அதே கட்டி, அதே ஊசியோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் நீ. நீயும் நிறுத்திவிட்டாய்தானே? உடனே போய்க் காட்டு.

உன் பொடியன்


மார்ச் 15

டேய் பொடியா,

படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையின்போது ஒருவருடைய இடது கண்ணாடியை வலது பக்கம் பொருத்திவிட்டேன்.

எனக்கும் தொப்பை இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயதாகிறது, வேறென்ன? வீட்டுக்காரருக்கு அந்த ஆபரேஷனே தெரியாது. இப்போது எந்த முகத்தோடு சொல்வேன்? நீ உடம்பைப் பார்த்துக்கொள். என்னை விட்டுவிடு.

குள்ளி


மார்ச் 22

ஏய்,

விடமாட்டேன். ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் எல்லாம் பார். பார்க்காவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

பொடியன்


ஏப்ரல் 9

அன்புப் பொடியா,

போனேன். ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"வயசு தப்பாப் போட்டிருக்காங்களாம்மா?"

"இல்லையே, முப்பத்தாறுதான்."

"குழாயப் பாத்தா அறுபது மாதிரி இருக்கே."

வெளியே வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு போய் மருந்து வரிசையில் நின்றார்.

கொழுப்புக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வளர்ச்சி ஹார்மோனையும் சோதித்துவிட்டார்கள், துளிகூட இல்லையாம். அடுத்த வாரம் ஊசி. நீ மட்டும் மிரட்டியிராவிட்டால்... சரி, நேரில் வந்து திட்டுகிறேன்.

குள்ளி


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அவருடைய மனைவி. உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "போய்க் காட்டிட்டாடி! சொன்ன பேச்ச கேட்டுட்டா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. கதவை உடைத்தோம். மறுபடியும் மாரடைப்பு என்றார்கள். அவருக்கு அந்த ஊசியை ஆரம்பிக்கவே இல்லை அக்கா.

வண்டி கற்க வருகிறவர்கள் இன்னும் போன் செய்து அவரைக் கேட்கிறார்கள். வாய் தானாகவே, "நாளைக்கு வாங்க" என்றுவிடுகிறது.

நீங்கள் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த சோதனை முடிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் நேரில் வந்துவிடுவேன்.

உங்கள் தங்கை