மிதவைப் பக்கம் நிற்பவர்

செம்பூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கமயில் எழுதுகிறேன். எனக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கோபம் மட்டும் தீரவில்லை. போனை அணைத்துப் போட்டுவிட்டு வள்ளியூரில் தங்கை வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் வேறு எப்படிப் பேசுவது? பாதியில் மடித்து வைக்காமல் முழுவதையும் படித்துவிடுங்கள்.

முதலில் முக்கியமான விஷயம். ஹாலில் பலகைகள் மேல் நாம் கட்டி வைத்திருக்கும் குட்டித் துறைமுகத்தை நான் விற்கப்போவதில்லை. மகேஷ்குமாரிடம் விற்றுவிடச் சொன்னீர்களாம். நம் மாதிரி ரயில் கிளப்பின் செயலாளர் ஆயிற்றே, அவரும் தட்டாமல் சனிக்கிழமை, வாங்குவதற்கு வாஷியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் செருப்பைக் கழற்றியதும் டேப்பை எடுத்து நீளம் அகலம் பார்த்தார். ரயில் வட்டமாக ஓடாதா என்று கேட்டார். ஓடாது என்றேன். பின்னே என்னதான் செய்யும் என்றார். பாலம் கட்ட முடியாத துறைமுகங்களில் சரக்கு வேகன்களை ஒரு மிதவையில் ஏற்றி அக்கரைக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து வருவதை இறக்குவார்கள், இது அந்த வேலையைச் செய்யும் என்றேன். போரிங் ஹை என்று மகேஷிடம் முணுமுணுத்தார். தாராவியில் ஹார்டுவேர் கடைக் கல்லாவில் உட்காருகிறவளுக்கு ஹிந்தி தெரியாது என்று நினைத்துவிட்டார் பாவம். இரண்டு பேருக்கும் காபி கொடுத்து, லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் பார்த்து இறங்குங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

கடை நன்றாகவே நடக்கிறது. மழை நின்றதிலிருந்து கீலும் தாழ்ப்பாளும் நன்றாகப் போகின்றன. பக்கத்துத் தோல் பட்டறை தாஹிர் பாய் தினமும் ஷட்டர் தூக்க வருகிறார், தினமும் உங்களைக் கேட்கிறார். ஓய்வுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உண்மையில் நீங்கள் அங்கே ஓய்வாகவா இருக்கிறீர்கள்? பூமாரி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள். தட்டை அறைக்குள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திச் சாப்பிடுகிறீர்களாம். கை நடுங்கிக் குழம்பு சிந்தினால் சிந்தட்டுமே. கூடப்பிறந்தவளிடம் என்ன வெட்கம்? அவள் வீட்டில் துவைக்க சோப்பு இல்லையா?

அன்றைக்கு மாட்டுங்காவில் நடந்ததையும் பேசிவிடுவோம், நீங்கள் பேசமாட்டீர்கள். கிளப்பில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேகக் குமிழில் உங்கள் விரல் உதறியது. இன்ஜின் பாய்ந்தது. கரைக்கும் மிதவைக்கும் நடுவில் இருக்கும் தொங்கு பாலத்தில் இன்ஜின் கால் வைக்கவே கூடாது, கனம் தாங்காது, அதற்காகத்தான் நடுவில் காலி வேகன்களைக் கோத்துத் தள்ளுவோம். அன்று இன்ஜின் நேரே பாலத்தில் ஏறிவிட்டது. மிதவை ஒரு பக்கம் சாய்ந்து வேகன்கள் எல்லாம் நீலப் பெயின்ட் கடலில் கவிழ்ந்தன.

அந்த மிதவை சாய்வதே உங்கள் கைவேலை. நம் கடையிலிருந்து கீலும் ஸ்பிரிங்கும் கொண்டுவந்து அடியில் பொருத்தியது நீங்கள். ஒரு பக்கத் தண்டவாளத்திலேயே கனத்தை ஏற்றினால் நிஜம் போலவே கவிழ வேண்டும் என்றீர்கள். தொல்லை வேண்டாம், ஆணி அடித்து நிறுத்திவிடுங்கள் என்று கிளப்பில் எல்லாரும் சொன்னார்கள். சாயாத மிதவையில் வேகன் ஏற்ற நான் எதற்கு என்று கேட்ட ஆள் நீங்கள்தானே? அது ஒரு தடவை சாய்ந்ததற்கு மும்பையை விட்டே போய்விடுவீர்களா?

எனக்குத் தெரியும், உங்களை விரட்டியது அந்தச் சாய்வு இல்லை. இனிமேல் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாலே போதும் என்று மகேஷ் அன்பாகச் சொன்னாரே, அதுதான். யாராவது சிரித்திருந்தால் நீங்களும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். எனக்கும் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

இப்போது திறந்துவிட்டேன், கேளுங்கள். நீங்கள் போனதிலிருந்து இன்ஜினை நான்தான் ஓட்டிப் பழகுகிறேன். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் குமிழைப் பிடித்துவிடுகிறேன். நேற்று கிளப்பில், அடுத்த மாதம் சயானில் நடக்கும் கண்காட்சிக்கு ஒத்திகை. கிளப்புக்கு வரும் ஜான்சி டெம்போ பிடித்துக் கொடுத்தாள், துறைமுகப் பலகைகளைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மறுபடி பூட்டினேன். தனியாக ஓட்டினேன், கவிழ்த்தேன். குமிழ் இருக்கும் மூலையிலிருந்து பார்த்தால் மிதவையின் அந்தப் பக்கம் கிடங்குச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வலது லைனுக்குப் போகிறது என்று நினைத்து எல்லாவற்றையும் இடது லைனிலேயே தள்ளியிருக்கிறேன்.

என் கை நடுங்காது அத்தான். என் கையிலும் மிதவை கவிழ்ந்தது. என்னை யாரும் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. வேகன்களைப் பொறுக்கி எடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இது ஒரு ஆள் வேலையே இல்லை. இத்தனை வருஷமும் இன்ஜின் பக்கம் நீங்கள், மிதவைப் பக்கம் நான் என்று நின்றதால்தான் ஒழுங்காக நடந்தது. அன்று நான் டீ போடப் போனேன், இரண்டு வேலையையும் நீங்கள் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். உதறிய விரலை மட்டும் எல்லாரும் பார்த்தோம், காலியாகக் கிடந்த என் இடத்தை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

மகேஷ் விடவில்லை. சின்னப் பிள்ளைகள் வரும் கண்காட்சி அக்கா, சுற்றி ஒரு வட்டப்பாதை போட்டு ரயிலை ஓடவிட்டு விடுங்கள், டென்ஷன் இருக்காது, அண்ணனும் வந்து மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காரட்டும் என்றார். வட்டம் போட்டால் அது என் துறைமுகம் இல்லை, வீட்டுக்காரருக்கு மாலையும் வேண்டாம் என்றேன். சரி, அப்படியானால் மிதவைப் பக்கம் யார் நிற்பது, ஜான்சியா என்று கேட்டார். ஜான்சி தயார்தான், நல்ல பெண்தான். ஆனாலும் நான் உங்கள் பெயரைச் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் வராத பெயர், ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வேனே, அதை அத்தனை பேர் முன்னால், அந்த ரூம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சொரிமுத்து நிற்பார் என்றேன். என் அம்மா இருந்திருந்தால் என்னை நன்றாக ஏசியிருப்பாள். ஏசட்டும்.

கையால் சிக்னல் காட்ட வேண்டுமே, அண்ணனால் முடியுமா என்று ஒருவர் இழுத்தார். ரயில்வேயில் எதையாவது வேகமாக ஆட்டினால் நிறுத்து என்று அர்த்தம், நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதையே சொன்னேன். அவர் கை ஆடினால் நிறுத்திவிடுவேன், போகச் சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது என்றேன். இடது லைனில் இரண்டு, போதும், இனி வலது, மெள்ள, மெள்ள, தொட்டாச்சு என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஓட்டப்போகிறேன். கூட்டம் பார்க்கட்டும். உங்கள் கை ஆடுவதையும் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் மாத்திரை வாங்கக் கீழே இறங்கினீர்களே, அப்போது டாக்டர் என்னிடம் தனியாக ஒரு விஷயம் சொன்னார். இந்த வியாதி கையோடு நிற்காதாம், போகப்போகத் தொண்டைக்கும் வருமாம், பேச்சு மெலிந்துபோகுமாம். உங்களிடம் மறைத்து வைத்திருந்தேன், இனி மறைக்க முடியவில்லை. இப்போதைக்கு உங்கள் குரல் கணீரென்று இருக்கிறது அத்தான். நான்கு கடை தள்ளிக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும். அதைப் பூமாரி வீட்டு மாடியில் பூட்டி வைக்காதீர்கள். இருக்கிற வரைக்கும் அது எனக்கு வேண்டும். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்ஜின் பக்கம் நிற்கும்
தங்கமயில்