முதுகில் ஓர் இழுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாரா?

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டடச் சாரத்தில் நிற்கும்போது என் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி எப்போதும் இரும்பில் மாட்டியிருக்கும். ஏறுவதற்கு முன் என் ஜோடிக்காரன் என் முதுகுப் பட்டை இறுக்கமா என்று வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பான். நானும் அவனுடையதை இழுப்பேன்.

சென்ற வாரம் சாரம் பிரித்தோம். ஒரு குழாயைப் பிடித்திருந்த கிளாம்பை நானே கழற்றிவிட்டு, மறதியில் அந்தக் குழாயிலேயே கொக்கியை மாட்டிவிட்டேன். அதைப் பார்த்த ஜோடிக்காரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திடுக்கிட்டுத் திரும்பியிருப்பேன். "மாப்ள, அப்படியே நில்லு, இதோ வர்றேன்" என்று டீ குடிக்கக் கூப்பிடுகிற குரலில் சொன்னான். வந்து, கொக்கியை உறுதியான கம்பிக்கு மாற்றினான். தரையில் கால் வைத்த பிறகுதான், "நீ கழட்டுன பைப்புலயே நீயே தொங்குவியாடா? உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று காது கிழியத் திட்டினான். அத்தனை கோபத்தையும் அத்தனை மாடி இறங்கும்வரை அடக்கி வைத்திருக்கிறான், பாரேன்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கட் பண்ணாதே, அடுப்படியில் போனை வைத்துவிட்டு உன் வேலையைப் பார். அன்றைக்கு லீவு. அவன் தன் அண்ணன் அறைக்குப் போய்விடுவான், என் முதுகை இழுத்துப் பார்க்க ஆளிருக்காது. தரையில் நிற்கிற அன்றைக்குத்தான் எங்கே விழுந்துவிடுவேனோ என்றிருக்கிறது.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, அவன் கூப்பிடுகிறான்.

உன் மகன்