அண்ணாச்சியிடம் சொல்லாதது

இன்று பாபநாசம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார். கல்லிடைக்குறிச்சி வரை பொறுத்தேன். பிறகு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த வாசம் வந்தால் எனக்கு உன் கடைசி வாரம் முழுவதும் வந்துவிடுகிறது.

உன் பிடரியில் தினமும் தைலம் தேய்த்துவிட்டது நான்தானே. சுளுக்கு என்றாய். லோடு வண்டி ஓட்டுகிறவனுக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் நினைத்தேன். உன் அம்மா தலையணையைக் குறை சொன்னார். நாம் இருவரும் முடிவெட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் வலி வந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? அண்ணாச்சியின் சலூனில் வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சடக்கென்று நெட்டி விழும். மில் ஷிப்ட் முடிந்து வந்த நம் அப்பாக்களும் அந்த நாற்காலியில் அதை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். உனக்கோ சத்தம் கேட்காவிட்டால் முடி வெட்டிய திருப்தியே வராது. இன்னொன்று எடுங்கள் என்று கேட்டு வாங்குவாய்.

அப்புறம் அந்தக் காலை. படித்துறையில் குளித்துவிட்டு ஏறியவன் கோணலாக நடந்தாய். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், விடிந்ததுமே ஊற்றிக்கொண்டான் என்று சிரித்தார்கள். நீ பீர் வாசம் பிடித்தாலே முகம் சுளிக்கிறவன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்துபோனேன். வாந்தி எடுத்தாய். வார்த்தை குழறியது. உன் வண்டியிலேயே உன்னைப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓட்டினேன்.

பக்கவாதம் என்றார் டாக்டர். முப்பது வயதுக்காரனுக்கா என்று அவரிடம் சண்டைக்கே போனேன். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, பீடி சிகரெட் இல்லை. கடைசியில் அவர் கழுத்தைப் பற்றிக் கேட்டார். வலியையும் சலூனில் எடுத்த நெட்டியையும் சொன்னேன். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் மேலே போய் அடைத்திருக்கிறது என்றார். நெட்டி எடுத்ததால் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்குப் பலமாக இருமினாலே கிழியும் என்றும் சொன்னார். அதே நாளில் அதே கை என் கழுத்தையும் திருப்பியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறாய். டாக்டர் போனதும் தடித்த நாக்கை வைத்துக்கொண்டு பையச் சொன்னாய்: "அண்ணாச்சிட்ட சொல்லாதலே. மனுசன் அதுக்கப்புறம் கத்தியத் தொட மாட்டாரு."

மூளை வீங்கி நீ போய்விட்டாய். நான் அம்பாசமுத்திரத்தில் முடிவெட்டிக்கொள்ளத் தொடங்கினேன். ஆனால் அந்த நாற்காலியில் தினம் யாராவது ஒருவன் உட்காருகிறானே. சொன்னால் அண்ணாச்சி உடைந்துபோவார். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் ஒப்பாரி விழலாம். நல்ல வேலை வைத்துவிட்டுப் போனாய் எனக்கு.

ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். வெட்டி முடித்து அவர் கை என் தலையைப் பிடித்தது. வேண்டாம் என்றேன். வேறு ஊரில் யாரோ ஒருவனுக்கு இப்படி ஆனதாகச் சொல்லி, டாக்டர் விளக்கியதையும் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை.

"உள்ளதச் சொல்லு தம்பி. நம்ம பயலுக்கும் இதானா?"

"இல்ல அண்ணாச்சி. அவனுக்குக் கொதிப்பு இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல."

நம்பினாரோ என்னவோ. அதன் பிறகு அவர் யாருக்கும் நெட்டி எடுப்பதில்லை. கேட்கிறவர்களைத் திட்டி அனுப்புகிறார்.

ஆனால் என் பொய் அவர் வழியாக உன் வீட்டுக்குப் போய்விட்டது. நேற்று உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். "கேட்டப்பல்லாம் ஊறுகாய வச்சேன். அந்த உப்புதான் எம்புள்ளயக் கொன்னுட்டு" என்று அழுதார். உப்பும் இல்லை, நீங்களும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது நேரே சலூனுக்குப் போகும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.