பதினேழாம் எண் குழாய்

மார்ச் 9. இன்று எனக்கு அறுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினொரு நாள்.

மரியாதைக்குரிய கணவருக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகவே கொள்ளுங்கள். பதில் எனக்கு மனப்பாடம்.

இங்கே ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ரத்தத்திலுள்ள ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு உணவுக்குழாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் எங்கள் பரிசோதனைக்கு, ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற முதியவர்களின் ரத்தமும் தேவை. ஆள் குறைந்ததால் நானே கையை நீட்டினேன். நேற்று முடிவு வந்தபோது, என்னுடைய பதினேழாம் எண் குழாய் நோயாளிகள் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"குழாய் மாறிப்போச்சு மேடம். லேபிள் ஒட்டினது எந்த மகாராணின்னு தெரியல," என்றாள் ஆய்வக உதவியாளர்.

"இந்த மகாராணிதான்."

"ஐயையோ! அப்ப மெஷின்தான் தப்பு மேடம்!"

அறையே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். அந்த முடிவை நீக்கிவிடலாமா என்று கேட்டார்கள். குழாய் மாறவில்லை, அது இருக்கட்டும் என்றேன்.

வீட்டு மிக்சியின் சின்ன ஜாரை அனுப்பிவையுங்கள். அலமாரியின் அடித்தட்டில் என் பழைய, சிறிய அளவு ரவிக்கைகள் இருந்தால் அவையும் வேண்டும். இப்போதுள்ளவை தொளதொளவென்று தொங்குகின்றன.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உங்கள் முழங்காலுக்குத் தாவிவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்த அன்று படிவத்தில், 'விழுங்குவதில் சிரமம் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். ஏழு மாதமாக, அரைத்துக் கரைக்காத எதுவும் என் தொண்டையில் இறங்குவதில்லை.