பூ உத்தரவுக்குக் காத்திருந்த அக்காவுக்கு

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் பாவாயி அக்காவுக்கு,

நீ போன பிறகு இங்கே என்னென்னவோ மாறிவிட்டது. கோயமுத்தூரில் எங்கள் மில் லைன் வீடுகளுக்கு எதிரே கரண்டு விளக்கு வந்திருக்கிறது. உன் மகள் செல்லம்மா என்னிடம்தான் வளர்கிறாள். சேலை கட்டுகிற வயசாகிவிட்டது; வாய் மட்டும் அச்சு அசல் உன் வாய்.

இதைச் சொல்லவா எழுதுகிறேன்? போன வாரம் குளிக்கும்போது என் இடது மாரில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அப்படியே ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டேன். உன் நினைப்புதான் வந்தது அக்கா. இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுவார்கள், நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும்.

மாரியம்மன் திருவிழா நோம்பிக்கு உன் ஊருக்கு வந்தபோது, கிணற்றடி மறைப்புக்குள் என் கையைப் பிடித்து உன் மாரில் வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சுண்டைக்காய் அளவுதான். கல்லு மாதிரி இருந்தது.

“வலிக்குதாக்கா?”

“வலிச்சா நாஞ் சும்மா இருப்பனா அம்மணி? அது பாட்டுக்குக் கெடக்குது.”

வலிக்காததால் நீயும் விட்டுவிட்டாய். பால் கட்டிக்கொண்டது என்றார் உன் மாமியார். செல்லம்மா பால் மறந்து எத்தனையோ வருஷமாயிற்று, இன்னும் என்ன பால்? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஒருத்தி கத்தினேன். உன் வீட்டுக்காரர், மாமா, என்னைத் தட்டிப் பேசவில்லை. “சாமிகிட்ட ஒரு வார்த்தை பூக் கேட்டுப்போட்டுப் போலாம் அம்மணி” என்றார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் அம்மனிடம் பூக் கேட்காமல் கிணறு வெட்டியதில்லை, கல்யாணம் பேசியதில்லை. அம்மன் தலையில் பூவை வைத்துவிட்டு எல்லோரும் கையைக் கட்டி நின்றீர்கள். வலப்பக்கம் விழுந்தால் போகலாம். பூ இடப்பக்கம் விழுந்தது. அடுத்த அமாவாசைக்கு மறுபடி கேட்டீர்கள்; அன்றைக்குப் பூ அசையவே இல்லை.

நீங்கள் அமாவாசை பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கட்டி அமாவாசை பார்க்கவில்லை. நெல்லிக்காயாயிற்று. மேல்தோல் நாரத்தங்காய்த் தோல் போலக் குழிகுழியாகச் சுருங்கியது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. நீ மாராப்பை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டுக்கொண்டு களை வெட்டப் போனாய்.

எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று உண்டு. அந்த வருஷம்தான் உங்கள் காங்கேயம் காளைக்கு முன்னங்கால் வீங்கியது. அன்றைக்கே மாமா வண்டி பூட்டிக்கொண்டு ஓடி மாட்டு வைத்தியரைக் கையோடு கூட்டிவந்தார். மாட்டுக்கு யாரும் பூக் கேட்கவில்லையே அக்கா! நீ மட்டும் என்ன பாவம் செய்தாய்?

கடைசியில் பூ வலப்பக்கம் விழுந்தது. அதற்குள் அக்குளிலும் முடிச்சுகள் வந்துவிட்டன. லேடி டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?” என்று கேட்டார்.

“சாமி இப்பத்தானுங்கம்மா பூக் குடுத்துச்சு” என்றார் மாமா. பாவம், நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

“வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாதுங்க. மார்ல புதுசா ஒரு கட்டி தட்டுப்பட்டா, வலிச்சாலும் வலிக்காட்டியும் உடனே வந்து காட்டணும். இனி அறுத்தும் பிரயோசனமில்லை.” அந்த டாக்டர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஏனம்மணி, ஊருக்குப் போயி ஒருதரம் பூக் கேட்டுட்டு...” என்று இழுத்தார்.

“நீங்க போயிக் கேளுங்க. நான் அதுக்குள்ள டாக்டரைப் பாத்துப்போட்டு வாரனுங்க” என்றேன். குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

டாக்டர் மாரையும் அக்குளையும் அழுத்திப் பார்த்தார். கையால் பார்த்து எதுவும் சொல்ல முடியாதாம், கட்டியை அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். இப்படி வருவதில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத கட்டியாகத்தான் இருக்கும், அப்படி இல்லாவிட்டாலும் சீக்கிரம் வந்திருக்கிறாய் என்றார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார். தைரியசாலி மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? யாரிடம் சொன்னாய்?

நேற்று செல்லம்மா கேட்டாள், “எதுக்குச் சின்னம்மா ஆஸ்பத்திரி?” என்று. “வயித்து வலி கண்ணு” என்றது என் வாய். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. உன் எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் உங்கள் வீட்டில் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். அவளும் அம்மா காய்ச்சலில் போனாள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். மார் என்கிற வார்த்தையைச் சொல்ல அத்தனை பேருக்கும் நா கூசியது. நேற்று எனக்கும் கூசிவிட்டது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் வியாழக்கிழமைக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, உன் அம்மா மாரில் கட்டி வந்துதான் செத்தாள் என்று சொல்லிவிடுவேன். அவள் கையைப் பிடித்து என் கட்டியைத் தொட்டுப் பார்க்கவைப்பேன். அவள் வெட்கப்படுவாள். படட்டும். உயிரோடு இருந்து வெட்கப்படட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
வேலாத்தாள்