பக்கத்து அறையில் துபாய்

9.7.07, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம். அரியலூரில் பஸ் ஏறும்போது சிமெண்ட் தூசி, பெரம்பலூரில் இறங்கும்போது செம்மண். என் புடவையை உதறினால் ஒரு சுவர் எழுப்பலாம்.

வாங்க: சீயக்காய், சிவப்பு மைப் பேனா 2, இவருக்கு இருமல் மாத்திரை.

மூன்றாம் பீரியட் நடுவில் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். (இனி தா. முழுதாக எழுதுகிற அளவுக்கு மரியாதை மிச்சமில்லை.) கல்குவாரி முதலாளி. காலேஜ் திறந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் எல்லாவற்றையும் லோடு கணக்கில்தான் பார்க்கிறார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறதாம். படிவத்தில் ‘நவீன வசதிகள்’ என்று ஒரு பக்கம் காலி. அதை நிரப்ப ஆன்லைன் வகுப்பு. அதற்கு ஒரு சாஃப்ட்வேர். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி: முதல்வர் (தலையாட்ட), கம்ப்யூட்டர் துறை செந்தில் (ஒயர் செருக), நான் (கணக்குத் துறை, தவிர, ‘ஒரு லேடி ஸ்டாஃப் இருந்தா நல்லாருக்கும்’).

“மேடம், நான் கிரஷர் மெஷினே ஓட்டிப் பாக்காம வாங்க மாட்டேன். நீங்களும் ஓட்டிப் பாருங்க. பாத்துட்டு, இதுதான் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

யாருக்கு ஆன்லைன் வகுப்பு என்றேன்.

“நம்ம புள்ளைங்களுக்குத்தான்.”

நம் பிள்ளைகள் காலை ஒன்பதுக்கு காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கி நாலரைக்குப் போகிறவர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு டெலிபோன்? கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கமிட்டி போடுவார்.

12.7.07, வியாழன்

காற்று. தொண்டை கட்டியிருக்கிறது.

மத்தியானம் நஸ்ரின் வந்தாள், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். மூன்றாம் வருஷம் பி.எஸ்ஸி., லப்பைக்குடிக்காடு. வகுப்பில் மூளை என்று ஒன்று இருப்பது இவளிடம்தான். ஒரே கோளாறு: நாலாவது வரியில் மைனஸை விட்டுவிடுவாள். ரெண்டு வருஷமாகத் திட்டுகிறேன். லீவில் நிக்காஹ் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு துபாயில் துணிக்கடை வேலை. விசா வந்துவிட்டதாம், ஆகஸ்ட் ஒன்றாம் தேதி விமானம்.

“மிஸ், கம்ப்யூட்டர்லயே கிளாஸ் வருதாமே? அங்கருந்தே படிக்கலாமா மிஸ்? பரீட்சைக்கு மட்டும் நான் வந்துடுவேன். அவங்க ரூம்ல கம்ப்யூட்டர் இருக்கு.”

வீட்டில் அப்பா, மாமியார் எல்லாம் என்ன சொல்கிறார்கள் என்றேன்.

“அத்தாவுக்கு சம்மதம் மிஸ். மாமிதான், காலேஜுல எழுதிக் குடுத்தா படிக்கட்டும், இல்லாட்டி டி.சி.ய வாங்கிட்டு வந்துடச் சொல்லுன்னுட்டாங்க.”

இன்னும் ஒரே ஒரு வருஷம். டி.சி. வாங்கினால் அவ்வளவுதான், அப்புறம் இவள் எங்கே வந்து பி.எஸ்ஸி. முடிக்கப் போகிறாள்? போன வருஷம் இப்படித்தான் ஒருத்தி போனாள். நல்லாரு என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கூத்தில் எனக்கும் ஒரு வேஷம் வந்து சேர்ந்துவிட்டது.

16.7.07, திங்கள்

முதல் டெமோ. திருச்சிக்காரன். டை கட்டியிருந்தான், டையில் சட்னி. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, “சார், இப்ப லைவா துபாய்ல ஒரு ஸ்டூடன்ட்ட காட்டுறேன்” என்றான்.

திரையில் ஒரு பையன். கோட்டு, பின்னால் நீலத் திரைச்சீலை. “குட் மார்னிங் மேடம், ஐ ஆம் ஃப்ரம் துபாய்.” குரல் தெளிவோ தெளிவு. தா. எழுந்து நின்று அவனுக்கு வணக்கம் வைத்தார். முதல்வர் தலையாட்டினார். எனக்குமே ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. நஸ்ரினை அந்தத் திரைச்சீலைக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு கரண்ட் போனது. எங்கள் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தது. துபாய் அணைந்துவிட்டது.

எல்லோரும் திரையைப் பார்த்தோம். திருச்சிக்காரன் தன் ஷூவைப் பார்த்தான். பக்கத்து அறையிலிருந்து, “அண்ணே, கரண்ட் போச்சுண்ணே!” என்று துபாய் கத்தியது.

நான் அப்படிச் சிரித்துப் பல வருஷமாகிறது. செந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் நீலத் திரைச்சீலையைக் கழற்றி வந்தான். எங்கள் லேபின் ஜன்னல் திரைதான். தா.வுக்கு மட்டும் கோபமே இல்லை: “பரவால்ல, பயலுக்குத் தெறம இருக்கு.”

19.7.07, வியாழன்

மெட்ராஸ்காரன். இவனிடம் டையும் இல்லை, வெட்கமும் இல்லை. எதைக் கேட்டாலும் “எக்ஸலன்ட் கொஸ்டின் மேடம்.”

அவன் சாஃப்ட்வேரில் உள்ளவை:
– கை தூக்கும் பட்டன்
– சிரிக்கும் மூஞ்சி, அழும் மூஞ்சி, கைதட்டும் மூஞ்சி
– மணி அடிக்கும் சத்தம்
– தா. எந்த வகுப்பிலும் யாருக்கும் தெரியாமல் எட்டிப் பார்க்கும் வசதி

இல்லாதது: வர்க்கமூலம் போட வழி.

மவுஸைப் பிடித்து ஒரு தொகையீட்டு (இன்டக்ரல்) குறி போட்டேன். புடலங்காய் மாதிரி வந்தது. சரி, பழகிக்கொள்ளலாம். மாணவி எப்படி எழுதுவாள் என்றேன்.

“ஸ்டூடன்ட்ஸ் எழுத முடியாது மேடம். டீச்சர் மட்டும்தான். அவங்க எழுதினா கன்ட்ரோல் போயிடும்.”

தா. தொடையில் தட்டினார். “அதான் வேணும்!”

கணக்கு என்பது நான் எழுதுவதல்ல, அவள் எழுதுவது. எந்த வரியில் மைனஸ் விழுந்து போகிறது என்று கண்ணால் பார்க்காமல் நான் எதைத் திருத்துவேன்? அழும் மூஞ்சியையா? இதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன். “எக்ஸலன்ட் பாயின்ட் மேடம்” என்றான்.

பிறகு ஓட்டிப் பார்த்தல். நான் மாடியில், பிள்ளைகள் நேர் கீழே லேபில், ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர். நான் கேட்ட கேள்வி மாடிப்படி வழியாக அவர்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது, கம்ப்யூட்டர் வழியாகப் பின்னால் போனது. அவர்கள் பதிலும் அப்படியே, முதலில் ஜன்னல், அப்புறம் ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் இரண்டு தடவை. தா.வுக்கு அது எதிரொலி வசதி என்று நினைப்பு.

23.7.07, திங்கள்

காற்று இல்லை, புழுக்கம். நல்ல நாள்.

செந்தில் இன்டர்நெட்டில் ஒன்று தேடிப் பிடித்திருந்தான். எந்த ஊரிலோ யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா விட்டது. பார்க்க சகிக்காது. வெள்ளைப் பலகை, கறுப்பு, சிவப்பு இரண்டு பேனா, ஓரத்தில் தட்டச்சுப் பெட்டி. மூஞ்சி கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் எழுதலாம்.

இதைப் பக்கத்து அறையில் ஓட்டவில்லை. நஸ்ரினை அவள் ஊர் பிரௌசிங் சென்டரில் உட்காரச் சொன்னோம். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. நான் ஒரு கணக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் வெறும் பலகை. பிறகு கறுப்பில், கோழி கிளறினது போல, ஒரு வரி. இன்னொரு வரி. நாலாவது வரியில் மைனஸைக் காணோம்.

சிவப்பில் ஒரு வட்டம் போட்டேன். கிணற்றிலிருந்து, “ஸாரி மிஸ்!”

செந்தில் ‘ஹை’ என்று கத்திவிட்டான். ஒப்பீட்டுத் தாளில் மூன்றாவதற்கு நேராக ‘சிறந்தது’ என்று எழுதினேன். பெரிய எழுத்தில்.

25.7.07, புதன்

கமிட்டி கூட்டம். பஜ்ஜி, டீ. தா. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

“சும்மா கெடைக்கிறதுக்கு என்னா மேடம் மரியாதை? குழு வந்து எங்க வாங்குனீங்கன்னு கேட்டா, கீழ கெடந்துச்சு எடுத்தோம்னா சொல்றது?”

பிறகு மெட்ராஸ்காரன் அனுப்பிய சி.டி.யைப் போட்டுக் காட்டச் சொன்னார். முதல் பக்கத்தில் காலேஜ் பெயர். அதற்கு மேலே தா.வின் போட்டோ, தலையைச் சுற்றி மஞ்சள் ஒளி, அடியில் ‘கல்வி வள்ளல்’. அதோடு தேர்வு முடிந்துவிட்டது. முதல்வர் தலையாட்டிய வேகத்தில் கண்ணாடி நழுவியது.

இது வெளியூரிலிருந்து வேலை செய்யுமா என்று கேட்டேன். செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்லிங்க மேடம். காலேஜ் பில்டிங்குக்குள்ள மட்டுந்தான். வெளிய அடுத்த வெர்ஷன்லதான் வருமாம்” என்றான்.

கட்டடத்துக்குள் மட்டும் ஓடும் தொலைதூர வகுப்பு. இதற்கு என் கையெழுத்து. ‘மூன்றையும் ஓட்டிப் பார்த்து, மாணவர் நலன் கருதி, இதுவே சிறந்ததெனத் தேர்ந்தோம்.’ யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஜ்ஜியில் சோடா உப்பு ஜாஸ்தி, நெஞ்செரிச்சல்.

26.7.07, வியாழன்

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, “கையெழுத்துதானே, போட்டுட்டு வா” என்றார். இருபது வருஷமாக எல்லாவற்றுக்கும் இதே பதில்.

போடமாட்டேன் என்று பஸ்ஸில் முடிவு செய்தேன். நாகரிகமான, நிமிர்ந்த முடிவு. என்னையே எனக்குப் பிடித்திருந்தது. காலேஜ் வாசலில் நஸ்ரினும் அவள் அம்மாவும். “மிஸ், டி.சி.க்கு எழுதிக் குடுக்கவா, வேணாமா? நாளைக்குள்ள சொல்லணும் மிஸ்.” அவள் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்ததெல்லாம் அங்கேயே மடங்கிவிட்டது.

27.7.07, வெள்ளி

போட்டுவிட்டேன்.

அதற்கு முன் பேரம். அந்த இலவசத்தை வைத்து நஸ்ரினுக்கு நானே வகுப்பு எடுப்பேன், அவள் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும், அனுமதிக் கடிதம் வேண்டும். தா. சண்டை போடுவார் என்று மூன்று பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

“அட, இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தீங்க? அட்டெண்டன்ஸ்தான மேடம்? தெனம் லேப்ல ஒக்காந்திருக்கான்னு போட்டுக்குங்க.”

கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். நான் கமிட்டித் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். ரெண்டு பேரில் யார் மோசம்?

30.7.07, திங்கள்

நஸ்ரின் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டாள். எட்டாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். மாமியிடம் காட்ட வேண்டுமாம். “வரேன் மிஸ்.” மைனஸ் ஞாபகம் இருக்கட்டும் என்றேன்.

8.8.07, புதன்

ஆய்வுக் குழு. வாழைமரம், சந்தனம், ரோஜாப்பூ. வரவேற்பில் நிற்க நாலு பெண்களுக்குப் பட்டுப்புடவை. நான் குழுவோடு மாடியில், கீழே லேபில் அறுபது பேர். மஞ்சள் ஒளியோடு வள்ளல் திரையில் எழுந்தருளினார்.

குழுவில் ஒரு பெரியவர், வழுக்கை, சந்தேகக்காரர். திரையில் வந்த வருகைப் பட்டியலைப் பார்த்து, அங்கங்கே பெயர்களைக் கூப்பிட்டார். “செல்வி?” யெஸ் சார். “கவிதா?” யெஸ் சார். “நஸ்ரின் பானு?”

தா. மேலே விசிறியைப் பார்த்தார்.

முதலில் மாடிப்படி வழியாக, பிறகு ஸ்பீக்கர் வழியாக: “யெஸ் சார்.”

கவிதாவின் குரல். வேப்பந்தட்டைப் பெண், நஸ்ரினோடு ஒரே பெஞ்ச். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. “வெரி குட்” என்றார் பெரியவர்.

துபாயைப் பக்கத்து அறையில் உட்காரவைத்த திருச்சிக்காரனைப் பார்த்து அப்படிச் சிரித்தேனே. துபாய்ப் பெண்ணைக் கீழ் அறையில் உட்காரவைத்திருக்கிறேன். அவன் டையில் வெறும் சட்னிதான் ஒட்டியிருந்தது.

சாயங்காலம் பாராட்டுக் கூட்டம். ‘தேர்வுக் குழுவின் தூண்’ என்று எனக்கு ஒரு சால்வை. பாலியெஸ்டர், அரிக்கிறது.

11.8.07, சனி

மூட்டம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர். நஸ்ரினுக்கு முதல் வகுப்பு சாயங்காலம் ஐந்தரை, துபாயில் நாலு. பக்கத்து நாற்காலிக்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டே ஜாதகம் பார்த்தான்.

ஐந்தரை. இல்லை. ஐந்து நாற்பது. இல்லை. மாமி கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள் என்று முடிவு கட்டி, பையை எடுத்தாயிற்று. அப்போது ஓரத்துப் பெட்டியில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி: மிஸ் வந்துட்டீங்களா.

குரல் வரவில்லை. அந்த ஊரில் இன்டர்நெட்டில் பேசுவதைத் தடுத்து வைத்திருக்கிறார்களாம். திருச்சிக்காரனின் துபாய் எவ்வளவு தெளிவாகப் பேசியது. நிஜத் துபாய் ஊமை.

கணக்கைப் போட்டேன். வெறும் பலகை. பிறகு கறுப்பில் முதல் வரி, அதே கோழிக் கிளறல். இரண்டாவது வரியில் கரண்ட் போனது. சென்டர் முழுக்க இருட்டு, யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. ஜாதகக்காரன் எழுந்து போய்விட்டான். கடைக்காரர், “பத்து நிமிசந்தான் தாங்கும் மேடம்.”

திரையைப் பார்த்தேன். துபாய் அணையவில்லை. மூன்றாவது வரி வந்துகொண்டிருந்தது.

அன்று போலச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டாள்.

இங்கே கரண்ட் போய்விட்டது, சீக்கிரம் போடு என்று தட்டினேன்.

இங்க இருக்கு மிஸ், என்று வந்தது.

நாலாவது வரி. மைனஸைக் காணோம், கழுதை. சிவப்பை எடுத்தேன். வட்டம் போடுவதற்குள் அவளே அழித்துவிட்டு மைனஸோடு எழுதினாள். அதோடு திரை அணைந்தது.