பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று மதியம் கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் ஒரு பழவண்டி. விற்காமல் கனிந்துபோன ஆப்பிள்களை வண்டிக்காரர் ஒரு கூடையில் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியது. பஸ் வந்தது, எல்லாரும் ஏறினார்கள், போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். மற்றவர்களுக்கு அது அழுகிய பழத்தின் வாடை. எனக்கு அது ஷைனியின் மூச்சு. அந்த வாடை என்னவென்று முதலில் அறிந்துகொண்டது பெற்ற நான் அல்ல, ஜன்னலுக்கு வெளியே நின்ற நீங்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேரில் சொல்லாமல் விட்டவை நிறைய இருக்கின்றன.

நம் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கரமனையில் ஒரு பர்னிச்சர் கடைக்கு மேலே உள்ள ஹால்தான். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் முப்பதோ நாற்பதோ. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவதற்கு வெகு முன்பே நீங்கள் வந்து பெருக்கிப் பாய் விரித்து வைத்திருப்பீர்கள். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டைத் துடைக்கிற வேலை. வேலை முடிந்தும் உடனே வீடு திரும்ப மாட்டீர்கள். துணைக்கு ஆளில்லாத நோயாளி எவராவது இருந்தால் அவருக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவீர்கள். உங்களை யாரும் ஊழியக்காரி என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையை மைக் பிடிப்பவர்களுக்கென்று வைத்திருந்தோம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஷைனிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஊசி. நான்கு வருஷம் அவள் வயிற்றிலும் தொடையிலும் நான்தான் குத்தினேன். இதற்கு முடிவே இல்லையா அம்மா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் கேட்பதை நிறுத்திய பிறகுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்தச் சமயத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் சுகமளிக்கும் கூட்டம் நடத்த வந்தார். முதல் நாள் வியாழக்கிழமை. ஷைனியை மேடைக்கு அழைத்துத் தலையில் கைவைத்து, இவளுக்குச் சுகமாகிவிட்டது என்று அறிவித்தார். இனி ஊசி போட்டால் அது ஆண்டவரைச் சந்தேகப்படுவதாகும் என்றார். ஹால் முழுக்கக் கைதட்டியது. பையிலிருந்த இன்சுலின் குப்பியையும் ஊசிகளையும் எடுத்து மேடையில் வைத்தேன். என் உடம்பு அவ்வளவு லேசாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

கூட்டம் கலைந்தபோது படிக்கட்டில் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். பெற்ற பிள்ளையை அழைப்பதுபோல என்னை எப்போதும் மக்களே என்றுதான் அழைப்பீர்கள்.

"ஜெயா, ஜெபம் பண்ணுவோம் மக்களே. ஊசியும் போடுவோம். ரெண்டும் ஆண்டவருக்க கைதான்."

நான் கையை உதறினேன். வார்டில் வியாதியையே பார்த்துப் பார்த்து உங்களுக்கு விசுவாசம் வற்றிவிட்டது என்றும், இனி என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றும் சொன்னேன். நாலு பேர் கேட்கும்படிதான் சொன்னேன். மறுநாளே சபை மூப்பர்கள் உங்களைக் கூப்பிட்டு, சாட்சியைக் கெடுக்கிறாய் என்று கண்டித்து, பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இனி வாய் திறக்கக் கூடாது என்றார்கள். அதோடு அடங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலமே வேலை முடிந்து வந்து என் கதவைத் தட்டினீர்கள். சனிக்கிழமையும் தட்டினீர்கள். இரண்டு நாளும் நான் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஷைனி தண்ணீராய்க் குடித்தாள். சனிக்கிழமை சோர்ந்து படுத்துவிட்டாள். சர்க்கரை பார்க்கும் மெஷினை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அதுவே சந்தேகமாகிவிடும், கிடைத்த சுகம் என்னால் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்துக்குத்தான் அன்றைக்கு விசுவாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாந்தி எடுத்தாள். அன்று ஆராதனையில் நாங்கள் குடும்பமாக நின்று, பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர், தம்பானூர் ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர், அன்றைக்கென்று லீவு போட்டிருந்தார். கொஞ்சம் தேறியதும் பிள்ளையைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். நான் கதவைத் தாழிட்டேன். ஹாலில் முதல் பாட்டு தொடங்கியிருக்கும் நேரம், மறுபடி கதவு தட்டும் சத்தம். எங்கள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் பாட்டின் நடுவே எழுந்து வந்திருக்கிறீர்கள்.

நான் அசையவில்லை. நீங்கள் சுற்றிவந்து, கட்டிலை ஒட்டிய ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தீர்கள். ஒருமுறை மூச்சை இழுத்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"ஜெயா, பிள்ளைக்க மூச்சப் பாரு. ஓடி வந்தவளப்போல வாங்குது. சர்க்கரை ஏறிப்போன பிள்ளைகளுக்க வாடை இது, எனக்கு வார்டில தெரியும். கதவத் திற."

ஆண்டவர் எங்களைச் சோதிக்கிறார், இன்றைக்கு ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும் என்று சொன்னேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அவரு குடுத்தத ஒரு ஊசி பறிச்சிராது மக்களே. பறிச்சுதுன்னா அது அவரு குடுத்ததே இல்ல."

நான் திரும்பவில்லை. நீங்கள் கத்தியிருக்கலாம், அக்கம்பக்கத்தைக் கூட்டியிருக்கலாம். அதற்குப் பதில் என்னை விட்டுவிட்டு அவளை அழைத்தீர்கள். பெரியம்மா வந்திருக்கிறேன், கேட்கிறதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டீர்கள். ஷைனி கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. உதடு வறண்டு ஒட்டியிருந்தது.

"அம்மாவத் திட்டாதீங்க பெரியம்மா," என்றாள்.

தாழ்ப்பாளை எப்படி நீக்கினேன் என்று நினைவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் தெருமுனைவரை நடந்தது நினைவிருக்கிறது. ஆட்டோவில் அவள் தலை உங்கள் மடியில் இருந்தது. தூங்கவிடாமல் அவளிடம் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தீர்கள். வகுப்புத் தோழிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னீர்கள். ஐந்தாவது பெயரில் அவள் பேச்சு நின்றுவிட்டது. நீங்கள் டிரைவரின் தோளைத் தொட்டீர்கள். அவர் ஹாரனில் கை வைத்தார்.

நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். "மூந்நு திவசமாயி இன்சுலின் எடுத்திட்டில்லா டாக்டரே," என்று மலையாளத்தில் சொன்னீர்கள். மூன்று நாளாகப் போடவில்லையா என்று அந்தப் பெண் நிமிர்ந்தாள். யார் நிறுத்தியது என்று கேட்டாள். பிரசங்கியாரின் பெயரையாவது நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன். என்னைக் காட்டியிருந்தாலும் நியாயம்தான்.

"ஞங்ஙள் நிறுத்தியதா," என்றீர்கள். நாங்கள்தான் நிறுத்தினோம்.

அந்த டாக்டர் உங்களைப் பேசாத பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு, படிப்பில்லாவிட்டாலும் இவ்வளவுகூடத் தெரியாதா என்று, உங்கள் சூப்பர்வைசர் காதுபடவே கேட்டாள். மூன்று நாள் என் கதவைத் தட்டியவர் நீங்கள். தலை குனிந்து, ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். ஷைனியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனதும்தான் சுவரில் சாய்ந்தீர்கள். அப்போதும் உங்கள் கை என் முதுகில் இருந்தது.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. என் வீட்டுக்காரர் உங்கள்மேல் கோபத்தோடுதான் வந்தார், சாட்சி நின்றுபோனதே என்று. கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கியதை முடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஷைனி இட்லி கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிய வெட்கம். பிரசங்கியார் சனிக்கிழமையே கூட்டத்தை முடித்துக்கொண்டு ரயில் ஏறியிருந்தார். சபையிலோ வேறு பேச்சு கிளம்பியது. உங்கள் அவிசுவாசம்தான் சுகத்தைத் தடுத்தது என்றார்கள். எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாயை மூடிக்கொண்டு, நீங்கள் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எப்போதும்போல முதலில் வந்து, கடைசியாகப் போனீர்கள். நான்காவது வாரம் தாங்க முடியாமல் சீக்கிரமே வந்தேன். மாடிக் குழாயடியில் துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்தீர்கள். இன்று எல்லார் முன்னாலும் உங்கள்மேல் உள்ள பழியைத் துடைக்கிறேன் என்றேன்.

நீங்கள் குழாயை அடைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "எனக்காகச் சொல்லாண்டாம். எனக்க பேரு எப்படிக் கெடந்தா என்ன? வேற எந்த வீட்டிலயாவது மருந்த நிறுத்தியிருப்பாங்க. அவங்களுக்காகச் சொல்லு."

சொன்னேன். மூப்பர் ஒருவர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். உட்காராமல், கதவைத் தாழிட்டதுவரை, உங்களை விரட்டியதுவரை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் ஒரு கொத்தனார் தாத்தா என்னை நிறுத்தினார். அந்தக் கூட்டத்திலிருந்து நெஞ்சுவலி மாத்திரையை விட்டுவிட்டதாகவும், மறுபடி தொடங்கலாமா என்றும் தாழ்ந்த குரலில் கேட்டார். மறுநாள் காலை அவரை ஓ.பி.க்கு அழைத்துப்போனது நீங்கள்தான். மூப்பர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. பல மாதம் கழித்து, பெண்கள் கூட்டத்தில் ஜெபியுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். நீங்கள் ஜெபித்தீர்கள். அதில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்களுக்கு வியாதி வந்தபோது டாக்டர் சொன்ன சிகிச்சை எல்லாவற்றுக்கும் உடன்பட்டீர்கள். மாத்திரைகளை மணி தவறாமல் விழுங்கினீர்கள். எங்களையும் ஜெபிக்கச் சொன்னீர்கள். நாங்கள் உண்மையாகவே ஜெபித்தோம். நீங்கள் பிழைக்கவில்லை. அதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசுகிறவர்களைக் கண்டால் நான் எழுந்துபோய்விடுகிறேன்.

ஷைனி காலேஜுக்குப் போகிறாள், ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். நான் செவ்வாய்க்கிழமைகளில் நோயாளிகளோடு ஜெபிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எனக்கு உங்களைப்போல ஜெபிக்க வராது. கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: இன்னைக்கு மருந்து எடுத்தாச்சா? சிலருக்குப் பிடிப்பதில்லை. ஜெபிக்க வந்தவள் நர்ஸைப்போலக் கேட்கிறாளே என்று முகம் சுளிப்பார்கள். போன வாரம் ஒரு பெண் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரை அப்படியே தலைமாட்டில் இருந்தது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்துத் தண்ணீர் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை, அக்கா.

உங்கள் ஜெயா